நோராவின் மீசையில் மூன்று மேடுகள்

பட்டாணி எடுக்கப் போன என் அக்கா ஜோலீன், ஃப்ரீசரின் மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“கெல்வின், இங்க கொஞ்சம் வா.”

எதைப் பார்த்துவிட்டாள் என்பது நடக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இது என்னடா?”

“கன்னுக்குட்டி.”

“அது எனக்கும் தெரியுது. இது ஏன் ஐஸ்கிரீம் மேல படுத்திருக்கு?”

“கழிச்சல் வந்து செத்துப்போச்சு.”

“செத்தா குழி வெட்டிப் போடுவாங்க. இந்தப் பக்கம் எல்லாப் பண்ணையிலயும் அதான் வழக்கம். நீ என்னடான்னா பிளாஸ்டிக் சுத்தி, தேதி எழுதி...” குனிந்து எண்ணினாள். “மூணு இருக்கு.”

“நாலு. அடியில ஒண்ணு கிடக்கு.”

மூடியை மெதுவாக இறக்கினாள். ஜோலீன் ஊர்க் கடையில் தபாலும் பெட்ரோலும் பார்ப்பவள். முப்பது மைல் சுற்றளவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவளுக்கு இரண்டாவது நாள் தெரிந்துவிடும். தன் தம்பி வீட்டு விஷயம் மட்டும் ஐந்து வருடமாகத் தெரியாமல் போனதில் அவளுக்குக் கொஞ்சம் அவமானம்கூட.

“அந்தப் பேய்க்கார அம்மா எப்ப வர்றா?” என்று கேட்டாள்.

“எட்டாம் தேதி.”

“வருஷத்துக்கு எத்தனை தடவை வர்றா?”

“நாலு.”

“நாலு தடவை. நாலு கன்னு.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஊர்ல ஆம்பளைங்க பொம்பளைக்குப் பூ குடுப்பாங்க, சாக்லேட் குடுப்பாங்க. நீ செத்த கன்னு குடுக்குற.”

“அவங்களுக்கு இல்ல. பேய்க்கு.”

“அது இன்னும் மோசம்டா.”

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. டாஸ்மேனியாவின் வடமேற்கு மூலையில், ஆர்தர் ஆற்றுக்கு வடக்கே, இருநூற்றுப் பத்துப் பசுக்களோடு இருக்கிறேன். மேற்கே கடல், கிழக்கே காடு, நடுவில் என் புல்வெளி. மனைவி பதினொரு வருடத்துக்கு முன்னால் வெயில் காய குவீன்ஸ்லாந்து போனவள், வெயில் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டாள். அதில் எனக்குக் கோபம் இல்லை. இங்கே வருடத்தில் இருநூறு நாள் மழை.

பேய் என்பது எங்கள் காட்டுப் பிராணி. குட்டை நாய் உயரம், கறுப்பு உடம்பு, மார்பில் வெள்ளைப் பட்டை, வயிற்றில் குட்டி சுமக்கப் பை. முதலில் கப்பலில் வந்து இறங்கியவர்கள் இது இருட்டில் கத்திய கத்தலைக் கேட்டுவிட்டு வைத்த பெயர். வாலபி என்கிற சின்னக் கங்காருவானாலும் எலும்பைக்கூட மிச்சம் வைக்காமல் தின்னும். இருபத்தைந்து வருடமாக இந்தத் தீவில் பேய்களுக்கு முகத்தில் கட்டி வந்து சாகிற நோய் ஒன்று பரவுகிறது. ஒன்றையொன்று கடிப்பதால் தொற்றுகிறது. முன்பெல்லாம் ஐந்து ஆறு வயது வரை இருக்கும். இப்போது மூன்றைத் தாண்டினாலே கிழடு.

ஜோலீன் சொன்ன பேய்க்கார அம்மா ரோவீனா, பேய்களை ஆராய்கிறவள், ஹோபார்ட்டிலிருந்து வருவாள். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். ஒவ்வொரு முறையும் பத்து நாள், என் நிலத்தில் இருக்கும் குடிலில் தங்குவாள். என் நிலத்தின் காட்டோரத்தில் நாற்பது பொறி வைப்பாள். பொறி என்றால் வடிகால் குழாய் மாதிரி தடித்த வெள்ளைக் குழாய். உள்ளே கயிற்றில் ஒரு துண்டு இறைச்சி. பேய் வந்து இழுத்தால் கதவு விழும். விடிந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து, சாக்குக்குள் தள்ளி, எடை பார்த்து, பல் பார்த்து, முகத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்த்து, மீசையில் ஒரே ஒரு முடி வெட்டிக்கொண்டு விட்டுவிடுவாள்.

ஒன்பது மணிக்கு அந்த வேலை முடியும். எனக்குக் கறவை முடிந்திருக்கும். சேற்றுப் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு என் சமையலறைக்குள் வருவாள். டீ, வாட்டிய ரொட்டி, ஊறுகாய் மாதிரி அவளே கொண்டுவரும் ஒரு காரமான பிளம் ஜாம். இன்று எந்தப் பேய், எத்தனை கிலோ, யாருக்குப் பல் உடைந்தது என்று சொல்லுவாள். முக்கால் மணி நேரம். வருடத்துக்கு நாற்பது காலை. மீதி முன்னூற்று இருபத்தைந்து நாளும் அந்த நாற்பதை வைத்துத்தான் ஓட்டினேன்.

கன்றுக்குட்டி விவகாரம் எப்படித் தொடங்கியது என்றால், முதல் வருடம் அவள் மூன்று பண்ணைகளில் பொறி வைத்தாள். ஆற்றின் மேல்பக்கத்து இரண்டு பண்ணைகளிலும் பொறிகள் காலியாகவே கிடந்தன. அடுத்த வருடம் அந்த இரண்டு இடத்துக்கும் அவள் போகவில்லை. நான் எதையும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டேன். இரண்டாம் வருட டிசம்பரில் என் நிலத்திலும் மூன்று நாள் தொடர்ந்து பொறிகள் காலி. மூன்றாம் நாள் ரொட்டிக்கு ஜாம் தடவாமலே தின்றுவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம், செத்த கன்று ஒன்றை டிராக்டரில் போட்டு இழுத்துக்கொண்டு போய்க் காட்டோரத்தில் தள்ளினேன்.

மறுநாள் காலை பொறிகளில் பதினொரு பேய்.

“பதினொண்ணு, கெல்வின்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். மழையில் நனைந்த முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த முகத்துக்காக நான் ஒரு மாட்டையே கொடுத்திருப்பேன். கன்று எம்மாத்திரம்.

அதிலிருந்து அவள் வருவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு கன்றை வெளியே எடுத்து வைப்பது வழக்கமாகிவிட்டது. கன்று ஈனும் பருவம் ஜூலை, ஆகஸ்ட். நோய் கண்டு போகிறவற்றில் நாலைந்தை அப்போதே எடுத்து ஃப்ரீசரில் போட்டுவைப்பேன். ஐந்து வருடம் இப்படியே போயிற்று.

போன ஜூனில் ஒரு காலை. அவளோடு எப்போதும் வரும் மாணவி சளி பிடித்துப் படுத்துவிட்டாள். நாங்கள் இருவர் மட்டும் மேஜையில்.

“நோரா வந்துட்டா” என்றாள். “அஞ்சு வயசு முடியப் போகுது. முகம் சுத்தம். ஒரு கட்டி இல்ல.”

நோராவை எனக்கும் தெரியும். வலது காதில் ஒரு பிறை அளவு சதை இருக்காது. மார்பில் கிழிந்த காலர் மாதிரி வெள்ளைக் கோடு. கன்றை நான் இறக்கும்போது இருபது கெஜத்தில் நின்று காத்திருக்கிற தைரியம் அவளுக்கு மட்டும்தான்.

“அப்படி என்னதான் இருக்கு அந்த மீசையில?” என்று கேட்டேன். ஐந்து வருடமாகக் கேட்க நினைத்த கேள்வி.

கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். உள்ளே கறுப்பாக ஒரு முடி.

“இது ஒரு நாட்குறிப்பு. நுனி பழசு, அடி புதுசு. சின்னச் சின்னத் துண்டா வெட்டிப் பரிசோதிச்சா, ஒன்பது மாசமா எப்பெப்ப என்ன வகைத் தீனின்னு தெரிஞ்சிடும். குட்டியா இருக்கும்போது வண்டு, தவளை, பறவைக் குஞ்சு. மரம்கூட ஏறும். தாடை பலமாக ஆக வாலபி. அதையும் தாண்டினா செத்த பெரிய மிருகம் எதுவானாலும். வயசு ஏற ஏற சாப்பாடு எப்படி மாறுதுன்னு முழுசா ஒரு படம் போடணும் எனக்கு. ஏழு வருஷமா அதுதான் வேலை.”

“முழுசா இருக்கா?”

“கிழடு மட்டும் இல்ல. எல்லாம் அதுக்கு முன்னாடியே செத்துடுதுங்க. நோரா ஒருத்திதான் எனக்கு முதுமை.” ரொட்டியைக் கடித்தாள். “இதுல எனக்குப் பிடிச்ச இடம் எது தெரியுமா? நுனி. யார் யாரைத் தின்னாங்கங்கிற வரிசையில மேல போகப் போக, படத்துல கோடு உசரும். பால் குடிக்கிற குட்டியோட மீசையில கோடு ரொம்ப உசரத்துல இருக்கும். தாயைவிட ஒரு படி மேல. பெரிய வேட்டைக்காரன் மாதிரி.”

“குட்டியா? எப்படி?”

“அது தின்னுறது தாயை இல்லையா? பால்னா என்ன, தாயோட உடம்புதானே. பால் மறந்ததும் கோடு சடசடன்னு கீழ விழும். அப்புறம் சாகுற வரைக்கும் அந்த உசரத்துக்கு எந்தப் பேயும் திரும்பப் போறதில்ல.”

இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். நான் அவள் காதோரத்து நரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோவீனாவுக்கு நாற்பத்தாறு. இந்த வருடம் நரை கொஞ்சம் கூடியிருந்தது. இந்த டீயை முடித்தால் எழுந்து போய்விடுவாள் என்று இன்னொரு கோப்பை ஊற்றினேன். அதைத் தவிர எனக்கு வேறு உபாயம் தெரியாது.

செப்டம்பர் எட்டாம் தேதி அவள் வந்தாள். மாணவியும் இல்லை, வண்டியில் பொறிகளும் இல்லை. கையில் ஒரு காகிதச் சுருள் மட்டும். பூட்ஸைக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தாள்.

மேஜையில் காகிதத்தை விரித்து நாலு மூலையிலும் கோப்பைகளை வைத்தாள்.

“இது நோரா. ஜூன்ல வெட்டினது.”

ஒரு நீளக் கோடு. பெரும்பாலும் தட்டை. ஆனால் மூன்று இடத்தில் மேடு. பள்ளிப் பிள்ளை வரைந்த மூன்று மலை மாதிரி.

“இந்த உசரம் பால் உசரம், கெல்வின். அஞ்சு வயசுக் கிழவி பால் குடிக்கிறா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை. நோரா மட்டும் இல்ல. இந்த நிலத்துல நான் பிடிச்ச அத்தனை பெருசும் இப்படித்தான். மத்த ஊர்ல ஒண்ணுகூட இல்ல.”

சுருண்டு எழும்பிய ஒரு மூலையை விரலால் அழுத்திப் பிடித்தேன்.

“இந்த நிலத்து மீசை எல்லாத்தையும் இப்பதான் மொத்தமா ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முதல்ல அவங்க தப்புன்னு நெனச்சேன். திரும்பப் போட்டாங்க, அதேதான். அப்புறம் புதுசா ஏதோ கண்டுபிடிச்சிட்டேன்னு நெனச்சு ரெண்டு வாரம் தூங்கல. கட்டுரையில பாதி எழுதிட்டேன்னு வச்சுக்கங்க.” விரலால் முதல் மேட்டைத் தொட்டாள். “நேத்துதான் தேதி போட்டுப் பார்த்தேன். செப்டம்பர்.” இரண்டாவது. “டிசம்பர்.” மூன்றாவது. “மார்ச். நான் வர்ற தேதி.”

வெளியே ஏதோ ஒரு மாடு கத்தியது.

“ரோட்டுல அடிபட்டதை இழுத்துப் போட்டீங்களா?” என்று கேட்டாள். குரல் சட்டென்று இளகியிருந்தது. “அது பரவாயில்ல. எல்லாரும் செய்றதுதானே.”

எங்கள் பக்கத்தில் அது மரியாதை. சாலையில் வாலபி செத்துக் கிடந்தால் வண்டியை நிறுத்தி, காலைப் பிடித்து இழுத்து, புல்லில் தள்ளிவிட்டுத்தான் போவோம். நடுச்சாலையில் விட்டால் அதைத் தின்ன வரும் பேய் அடுத்த வண்டியில் அடிபடும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வாசலை அவளே எனக்காகத் திறந்து வைத்தாள் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வாலபி தின்றால் பால் மேடு வராது. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எழுந்து போய் ஃப்ரீசரைத் திறந்து காட்டினேன்.

நெடுநேரம் பார்த்தாள். மூன்று கன்று. நாலாவது பத்து நாளாக வெளியே.

“பால்குடிக் கன்னு” என்றாள் மெதுவாக. “அது அதோட தாயைத் தின்னுது. நோரா அதைத் தின்னுறா.”

“பொறி காலியா இருந்தா நீங்க வராம போயிடுவீங்கன்னு நெனச்சேன்.”

“யார் சொன்னா?”

“மேல்பக்கத்து ரெண்டு பண்ணையிலயும் காலி. நீங்க விட்டுட்டீங்க.”

“அவங்க நிலத்தைத் தைல மரக்காரங்களுக்குக் குத்தகைக்கு விட்டுட்டாங்க கெல்வின். உள்ள விடல. அதனால விட்டேன்.” மூடியைச் சாத்தினாள். “காலிப் பொறியும் எனக்குக் கணக்குத்தான். நாற்பதும் காலியா இருந்தாலும் பத்து நாள் வந்துதான் ஆகணும். ஒரு தடவை கேட்டிருக்கலாமே. ஏழு வருஷம், முக்கால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து டீ குடிச்சோம். ஒரு தடவை.”

“என்னன்னு கேக்குறது?”

“வெளிய கிடக்குறதை எடுங்க. இப்பவே” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு பேரும் காட்டோரத்துக்கு நடந்தோம். எடுக்க ஒன்றுமில்லை. மிதிபட்ட புல், ஒரு குளம்பு. அதையும் அவளே குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

“இங்க பிடிச்ச பெருசுங்க எல்லாத்தையும் படத்துலேர்ந்து நீக்கணும்” என்றாள். திரும்பி நடக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். “குட்டிங்களுக்குப் பிரச்சனை இல்ல, பால் மறக்குற வரைக்கும். மத்த ஊர்ல நடுவயசு இருக்கு. ஆனா முதுமைக்கு நோரா மட்டும்தான். அவ மீசையில இந்தக் கன்னு முழுசா வளர்ந்து வெளிய போகணும். ஒன்பது மாசம் ஆகும்.”

“அவளுக்கு அஞ்சு முடிஞ்சிருச்சே.”

“ஆமா.”

“ஒன்பது மாசம் இருப்பாளா?”

“தெரியாது.” வண்டிக் கதவைத் திறந்தாள். “நீங்க ஒண்ணும் செய்யக் கூடாது. ஒரு எலும்புத் துண்டு, ஒரு குடல், எதுவும் வெளிய போகக் கூடாது. நானும் டிசம்பர், மார்ச் வரமாட்டேன். பொறியில வைக்கிற இறைச்சிகூட வேண்டாம். ஜூன்ல பார்க்கலாம்.”

அவள் போன பிறகு குழி வெட்டி மூன்று கன்றுகளையும் புதைத்து, சுண்ணாம்பு கொட்டி, மேலே இரும்புத் தகடு போட்டுக் கல் வைத்தேன்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு வேலை என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

இருள் விழும் நேரத்தில் நோரா வருவாள். வேலிக் கதவுக்கு அந்தப் பக்கம், வழக்கமாக டிராக்டர் நிற்கும் இடத்தில், ஒரு கல்லைப் போல உட்கார்ந்திருப்பாள். நான் இந்தப் பக்கம். நவம்பர் கடைசி வாரம் நாலைந்து பேய்கள் சேர்ந்து வந்தன. எத்தனை நாளில் கன்று வரும் என்பது அவற்றுக்கு உடம்பிலேயே பதிந்திருந்தது. எனக்கும் பதிந்திருந்தது. டிசம்பர் எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைத்தேன்.

மற்றவை இரண்டு வாரத்தில் சலித்துப் போய்விட்டன. நோரா விடவில்லை.

“என்னைப் பார்க்காத” என்று அவளிடம் சொன்னேன். “என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

ஜனவரியில் புதுசாகப் பால் மறந்த குட்டிகள் புல்வெளியில் அந்துப்பூச்சி துரத்தின. ஒன்று வேலிக் கம்பத்தில் பாதி ஏறி, இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டு கத்தியது. ரோவீனா பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஜோலீனிடம் சொன்னேன்.

“அவளுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லு.”

“ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

“பேய்க்குடா. அவளுக்குச் செய்யக் கூடாதுன்னு சொன்னாளா?”

“கோபமா இருக்கா.”

“ஏழு வருஷ உழைப்பைப் பேய்க்குப் போட்டிருக்க, முத்தமா குடுப்பா? கோபமா இருக்குறவளுக்கு ஃபோன் வேலை செய்யாதா?”

செய்யவில்லை. அதாவது, நான் செய்யவில்லை. நம்பரை மூன்று முறை அழுத்தினேன், மூன்று முறையும் கடைசி எண்ணில் விரல் நின்றுவிட்டது.

மார்ச்சில் நோரா மெலிந்துபோனாள். பின்னங்கால் ஒன்றைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். ஒரு மாலை, கொல்லையில் ஒரு கோழி தானாகவே செத்துக் கிடந்தது. கையில் எடுத்துவிட்டேன். வேலிவரை போய்விட்டேன். நோரா எழுந்து நின்றாள். மூக்கு அசைந்தது. இந்தக் கோழி அவள் உயிரைப் பத்து நாள் நீட்டும். நீட்டினால் ஜூன்வரை வருவாள். வந்தால் மீசையில் கோழி இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோவீனாவுக்கு நஷ்டம். அரை மணி நேரம் கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு குழிக்குக் கொண்டுபோனேன். திரும்பி வரும்போது அவள் இடத்தில் அவள் இல்லை. அதற்குப் பிறகு வேலிப் பக்கம் வரவேயில்லை.

ஜூனில் ரோவீனா வந்தாள். என் குடிலில் தங்கவில்லை, ஆற்று முகத்துவாரத்தில் ஒரு அறை எடுத்திருந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள். காட்டோரத்தில் பொறிகளை அவள் இறக்குவதைக் கறவைக் கொட்டகையிலிருந்து பார்த்தேன். கையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். அவ்வளவுதான்.

ஆறு காலை அவள் வண்டி வீட்டைத் தாண்டிப் போயிற்று. ஒன்பது மணிக்கு நிற்கவில்லை. ஏழாவது காலை, வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில் ஃபோன் அடித்தது.

“கெல்வின், எனக்கு இன்னும் ரெண்டு கை வேணும். முப்பத்தொண்ணாம் பொறி.”

ஓடினேன் என்று சொல்லலாம். ஐம்பத்திமூன்று வயதில் சேற்றில் பூட்ஸோடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு.

குழாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். “அவதான்” என்றாள். “உட்காருங்க. காலை நீட்டுங்க. சாக்கை மடியில வைக்கிறேன். தோளைப் பிடிங்க, இறுக்காதீங்க. கிழவி, எலும்பு நொறுங்கிடும்.”

சாக்கு வழியாக நோராவின் உடம்பு சுட்டது. நடுங்கவில்லை, உறுமவுமில்லை. ஐந்து வருடம் தீனி போட்டும் அவளை நான் தொட்டதில்லை. ஒரு பூனை எடைகூட இல்லை. ரோவீனா சாக்கின் வாயைப் பின்னுக்கு மடித்து முகத்தை வெளியே எடுத்தாள். பல்லெல்லாம் மழுங்கிக் கட்டையாகி இருந்தது. காது அதே காது. கட்டி இல்லை.

கத்தரிக்கோல் ஒரு முறை அசைந்தது.

“இதுல ஒன்பது மாசம் இருக்கு” என்றாள் முடியைப் பிடித்துக்கொண்டு. “நீங்க செய்யாதது எல்லாம் இதுல இருக்கணும்.”

“மார்ச்சுல ஒரு கோழி” என்றேன். “கையில எடுத்தேன். குடுக்கல.”

என்னைப் பார்த்தாள். ஒன்பது மாதத்தில் முதல் முறையாக நேராகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்ததா, ஜூன் மாதக் குளிரா என்று சொல்ல முடியாது.

“விடுங்க அவளை” என்றாள்.

சாக்கை விரித்தேன். நோரா அவசரப்படவில்லை. என் பூட்ஸை ஒரு முறை முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் காலை இழுத்துக்கொண்டு பெரணிச் செடிகளுக்குள் போய்விட்டாள். அதுதான் அவளை நான் கடைசியாகப் பார்த்தது.

ஆகஸ்ட் நடுவில், சாயங்காலக் கறவைக்குப் பசுக்களைத் திருப்புகிற நேரத்தில் ஃபோன் வந்தது.

“தட்டையா இருக்கு கெல்வின். ஒரு மேடு இல்ல.”

நான் வேலிக் கம்பியில் சாய்ந்துகொண்டேன்.

“அது மட்டும் இல்ல” என்றாள். “மார்ச்சுலேர்ந்து கோடு மெல்லக் கீழ இறங்குது. வாலபி இல்ல. பல்லு போயிருச்சு இல்லையா. புழு, வண்டு, தவளை. ரெண்டு வயசுக்குள்ள இருக்குற குட்டி தின்னுற மாதிரி தின்னிருக்கா. ஒரு கிழவியை வச்சு ஒண்ணும் முடிவு சொல்ல முடியாது. ஆனா படத்துல அந்த மூலை இனிமே காலியா இருக்காது.”

“அப்ப படம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

மாடுகள் என்னைச் சுற்றி நின்று மூச்சு விட்டன. முடிந்தது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொறி இல்லை, பத்து நாள் இல்லை, மார்ச், ஜூன் எதுவும் இல்லை. அவளுக்கு இங்கே வர ஒரு காரணமும் மிச்சமில்லை. நான் ஒழுங்காக இருந்ததன் பலன்.

“செப்டம்பர்ல பொறி வைக்க மாட்டீங்க” என்றேன்.

“தேவையில்ல.”

“டிசம்பர்ல?”

“எதுக்கு?”

எந்தத் தீனியும் என் கையில் இல்லை. இருந்தாலும் வைத்திருக்க மாட்டேன்.

“டிசம்பர்ல இங்க வாங்க ரோவீனா” என்றேன். “வேலை ஒண்ணும் கிடையாது. பேய் வருமா வராதான்னு தெரியாது. மழை இருக்கும். நீங்க வந்தா எனக்கு நல்லாயிருக்கும். அவ்வளவுதான்.”

இணைப்பு போய்விட்டது என்று நினைத்துக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“இதைக் கேக்க ஏழு வருஷம்” என்றாள்.

“எட்டு ஆகப் போகுது.”

“எனக்குப் பழைய கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“இருக்கட்டும். அதையும் எடுத்துட்டு வாங்க.”

“டிசம்பர் ரொம்பத் தூரம் கெல்வின். வர்றேன்னு இப்ப சொல்லல. யோசிக்கிறேன். அதுவரைக்கும் என்ன செய்வீங்க?”

“ஒண்ணும் செய்ய மாட்டேன்” என்றேன். “அது இப்ப எனக்கு நல்லா வருது.”

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சிரித்து முடியும்வரை ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன். முன்னால் நின்ற பசு பொறுமையிழந்து என் தோளை முட்டியது. அரை மணி நேரம் தாமதம். கதவைத் திறந்து அவற்றைக் கொட்டகைக்கு விட்டேன். டிசம்பர் எட்டுக்கு இன்னும் நூற்றுப் பன்னிரண்டு நாள்.